17 இன்ச் அலாய் போட்டதுல இருந்து ஊஊன்னு சத்தம்: பேரிங்கா, டயரா, மாட்டினதுல தப்பா?

மேடவாக்கத்துல இருந்து ஒரு தம்பி எழுதியிருக்காரு. 2018 மாடல் ஹோண்டா சிட்டி, வி வேரியன்ட், கம்பெனில இருந்து வந்தது 175/65 ஆர்15 டயர். போன மாசம் அதை கழட்டிட்டு 17 இன்ச் அலாய், 205/45 ஆர்17 டயர் போட்டிருக்காரு. பாக்க வண்டி சூப்பரா இருக்காம், ஆனா 50 தாண்டினதுமே கீழ இருந்து ஊஊன்னு ஒரு சத்தம், சிறுசேரி ஆபீஸுக்கு ஓஎம்ஆர்ல 80ல போனா பாட்டு சவுண்ட ஏத்தி வெச்சாத்தான் கேக்குதாம். டயர் கடைக்காரர் "புது டயர் சார், 500 கிலோமீட்டர் ஓடினா செட் ஆகிடும்"ங்கறாரு, ஃப்ரெண்டு ஒருத்தர் வீல் பேரிங் போயிடுச்சுங்கறாரு, அப்பா பழைய வீலையே மாட்டுடாங்கறாரு, இன்னொரு கடையில 28000 ரூபாய்க்கு டேம்பிங் (சத்தத்த அடக்க வண்டிக்குள்ள ஷீட் ஒட்டறது) பண்ணினா சத்தமே இருக்காதுன்னு சொல்லியிருக்காங்க. எதை நம்பறதுன்னு கேக்கறாரு.

தம்பி, அந்த 28000 ரூபாய இப்போதைக்கு பத்திரமா வைங்க. நீங்க கேட்ட நாலு பேருமே சத்தத்துக்கு ஒரு காரணம்தான் இருக்கும்னு நினைச்சு சொல்றாங்க, ஆனா இந்த மாதிரி வர்ற வண்டில பெரும்பாலும் ரெண்டு மூணு விஷயம் சேந்து இருக்கும், அதுல ஒண்ணு சைஸ் மாத்தினதால வர்றது, அதை முழுசா எடுக்க முடியாது, மத்ததெல்லாம் மாட்டினதுல வந்தது, அதை ஒரே நாள்ல சரி பண்ணிடலாம். எது எதுன்னு பிரிக்காம காசு செலவு பண்ணினா பேரிங்கும் மாத்துவீங்க, டேம்பிங்கும் பண்ணுவீங்க, சத்தமும் அப்படியே இருக்கும்.

கடைக்காரர் சொன்ன 500 கிலோமீட்டர் விஷயத்தை முதல்ல முடிச்சிடறேன். புது டயர் மேல அச்சுல இருந்து எடுக்கறதுக்காக பூசின வழவழப்பு கொஞ்சம் இருக்கும், அது தேஞ்சு கிரிப் சரியா வர சில நூறு கிலோமீட்டர் ஆகும், அது உண்மை. ஆனா அது கிரிப் சம்பந்தப்பட்டது, சத்தம் அதனால குறையும்னு காத்திருக்க வேண்டாம். சொல்லப்போனா டயர் தேயத் தேய சத்தம் கூடறதுதான் வழக்கம். அதனால இப்பவே பாருங்க.

சத்தத்துக்கு போறதுக்கு முன்னாடி ஒரு விஷயம், இதை இன்னைக்கே பாத்துடுங்க. ஹோண்டாவோட ஒரிஜினல் வீல் நட்டு உக்கார்ற எடம் உருண்டையா, பந்து மாதிரி இருக்கும். வெளிய வாங்கற அலாய்ல பெரும்பாலும் கூம்பு வடிவ நட்டுக்குத்தான் குழி இருக்கும். ஒரிஜினல் நட்டையே அந்த அலாய்ல போட்டு முறுக்கியிருந்தா பாக்க டைட்டா இருக்கும், உள்ள மெல்லிசா ஒரு கோட்டுலதான் புடிச்சிட்டிருக்கும், ஓட ஓட லூஸாகும். ஒரு நட்ட கழட்டி வெளிச்சத்துல பாருங்க, அடிப்பக்கம் வளைவா இருக்கா, நேர் சரிவா இருக்கான்னு பாத்தாலே தெரியும், குழியிலயும் முழு வட்டத்துக்கும் சீரா தடம் பதிஞ்சிருக்கணும். தப்பான நட்டு இருந்தா அன்னைக்கே புது செட் வாங்குங்க, அதுவரைக்கும் வண்டிய எடுக்காதீங்க. ஏர் கன்ல அடிச்சு விடாம டார்க் ரென்ச்ல 108 நியூட்டன் மீட்டர் வெச்சு முறுக்கச் சொல்லுங்க. பழைய நட்ட தூக்கிப் போட்டுடாதீங்க, ஸ்டெப்னி இன்னும் பழைய 15 இன்ச் இரும்பு டிஸ்க்தானே (டிஸ்க்குன்னு நான் சொல்றது டயர் ஏத்தற ரிம்ம, பிரேக் டிஸ்க்க இல்ல), அதுக்கு அந்த உருண்டை நட்டுதான் வேணும், ஒரு செட்ட துணிப்பையில போட்டு டிக்கியிலயே வைங்க.

சரி, இப்ப சத்தம். 175ல இருந்து 205ன்னா டயர் அகலம் 30 மில்லிமீட்டர் கூடுது. வண்டி எடையும் காத்தழுத்தமும் கிட்டத்தட்ட அதேதான்னா ரோட்டுல படற மொத்த பரப்பு பெருசா மாறாது, ஆனா முன்னாடி நீளமா குறுகலா இருந்தது இப்ப அகலமா குட்டையா மாறிடுது. அதாவது ஒரே நேரத்துல ரோட்ட வந்து அறையற ரப்பர் கட்டை எண்ணிக்கை கூடுது. கூடவே கட்டைகளுக்கு நடுவுல இருக்கற காடிக்குள்ள (பள்ளத்துக்குள்ள) இருக்கற காத்து ரோட்டுக்கும் ரப்பருக்கும் நடுவுல மாட்டி நசுங்கி பின்னாடி பீச்சிட்டு வெளிய வருது, அகலம் கூடினா அந்த காத்துக்கு பக்கவாட்டுல தப்பிக்க வழி இன்னும் தூரம். இதுக்கு மேல, டயர் வளைஞ்சு ரோட்ட தொடற எடத்துல முன்னாடியும் பின்னாடியும் ஒரு கூம்பு இடைவெளி இருக்குல்ல, அது நாதஸ்வரத்தோட அணசு (அடியில விரிஞ்ச வாய்) வேலைய செய்யுது, சின்னதா பொறந்த சத்தத்த பெருசாக்கி வெளிய விடுது. டயர் அகலமானா அந்த கூம்பும் அகலமாகுது. கார் டயர் சத்தம் 1000 ஹெர்ட்ஸ் பக்கத்துல தூக்கலா கேக்கறதுக்கு இதெல்லாம் சேந்துதான் காரணம்.

அடுத்தது சைட்வால். உங்க பழைய டயர்ல டிஸ்க் விளிம்புல இருந்து ரோடு வரைக்கும் 114 மில்லிமீட்டர் ரப்பர் சுவர் இருந்துச்சு (175ல 65 சதவீதம்), இப்ப 92தான். போன அந்த 22 மில்லிமீட்டர்தான் ரோட்டோட சொரசொரப்ப முழுங்கிட்டிருந்தது. இப்ப அது டிஸ்க், ஹப் (வீல் மாட்டற நடுப்பகுதி), சஸ்பென்ஷன் வழியா நேரா பாடிக்கு ஏறுது. காத்துல வர்ற சத்தம் வேற, இப்படி இரும்பு வழியா ஏறி வர்ற சத்தம் வேற, இதை நல்லா மனசுல வெச்சுக்கங்க, டேம்பிங் பத்தி பேசும்போது இது தேவைப்படும்.

அகலமான டயர் சத்தம் போடும்ங்கறது கடைக்காரங்க கதை இல்ல, விதிமுறையிலயே இருக்கு. ஐரோப்பாவுல கார் டயர் உருளும் சத்தத்துக்கு வரம்பு வெச்சிருக்காங்க, 185 அகலம் வரைக்கும் 70 டெசிபல், அதுக்கு மேல 245 வரைக்கும் 71, அதுக்கு மேல போனா வரம்பும் இன்னும் ஏறும். நம்ம ஊர்லயும் ஏஐஎஸ் 142ன்னு ஒரு தரநிலை உருளும் சத்தம், ஈரத்துல கிரிப், உருளும் தடை மூணையும் பாக்குது. ஆனா ஒண்ணு, அந்த டெசிபல் எல்லாம் ரோட்டோரம் மைக் வெச்சு அளக்கறது, வண்டிக்குள்ள உங்க காதுல விழறது இல்ல. ஸ்டிக்கர்ல 69 போட்ட டயர் உங்க சிட்டிக்குள்ள 71 போட்டதை விட இரைச்சலா கேக்க வாய்ப்பு இருக்கு, அந்த நம்பர மட்டும் பாத்து வாங்காதீங்க.

இதுவரைக்கும் சொன்னது சைஸால வர்றது. ஆனா தம்பி, நீங்க எழுதின அந்த "ஊஊ"தான் எனக்கு உறுத்துது. வெறும் அகலத்தால வர்றது பொதுவா ஷ்ஷ்ன்னு, கர்ருன்னு ஒரு பரவலான இரைச்சல். ஒரே சுருதியில ஊஊன்னு பாடுதுன்னா அது டயர் பட்டன் (ரோட்ட தொடற ரப்பர் கட்டைகள்) டிசைன்ல இருந்து வருது, இல்லைன்னா தேய்மானம், இல்லைன்னா பேரிங். கணக்கு போட்டு பாருங்க, உங்க டயர் சுற்றளவு சுமார் 1.93 மீட்டர், 80ல போனா செகண்டுக்கு பதினொன்னரை சுத்து, சுத்துக்கு 60 கட்டை இருந்தா செகண்டுக்கு கிட்டத்தட்ட 690 தடவை ரோட்ட தட்டுது, அது காதுக்கு நல்லா தெளிவா கேக்கற சுருதி. 50ல அதுவே 430. நல்ல கம்பெனிக்காரங்க இதுக்காகவே கட்டைகள சின்னது பெருசுன்னு மாத்தி மாத்தி வெச்சு அந்த சுருதிய கலைச்சு விடுவாங்க. விலை கம்மியா கிடைக்கற சில டயர்ல எல்லா கட்டையும் ஒரே அளவு, அது பாடத்தான் செய்யும். டயர் மேல பக்கவாட்டுல இருந்து பாத்து, அடுத்தடுத்த கட்டையோட நீளத்த ஸ்கேல் வெச்சு அளந்து பாருங்க, வித்தியாசம் இருக்கணும்.

பட்டன் 'வி' மாதிரி சாய்ஞ்சிருக்கற டைரக்‌ஷனல் டயரா உங்களுது? எழுதல நீங்க. அப்படின்னா சைட்வால்ல ரொட்டேஷன்னு எழுதி ஒரு அம்புக்குறி போட்டிருக்கும், வண்டி முன்னாடி போகும்போது டயர் மேல்பக்கம் எந்தப் பக்கம் சுத்துதோ அந்தப் பக்கம் அம்பு காட்டணும். நாலு டயரையும் நடந்து சுத்தி வந்து பாருங்க, ரெண்டு நிமிஷ வேலை. அவசரத்துல நாலையும் ஒரே மாதிரி டிஸ்க்ல ஏத்திட்டு, ஒரு பக்கம் ரெண்டு டயரும் தலைகீழா சுத்திட்டு வர்ற வண்டிகள நான் அடிக்கடி பாக்கறேன், சத்தத்த விட பெரிய விஷயம் மழையில அது தண்ணிய வெளிய தள்ளாது. டைரக்‌ஷனல் இல்லாம உள்பக்கம் ஒரு டிசைன் வெளிப்பக்கம் ஒரு டிசைன்னு இருந்தா அவுட்சைடுன்னு எழுதினது நாலுலயும் வெளிய தெரியணும். அதே எடத்துல டாட்னு (DOT) ஆரம்பிக்கற வரிசையோட கடைசி நாலு நம்பரையும் ஃபோட்டோ எடுங்க, 2321னா 2021ல 23வது வாரம் செஞ்சது. ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுல வாங்கினாலும் சரி உங்க தெருமுனையில வாங்கினாலும் சரி, 17 இன்ச் லோ புரொஃபைல் (சைட்வால் குட்டையான டயர்) எல்லா நாளும் வித்துட்டு இருக்கற சைஸ் இல்ல, ஷெல்ஃப்லயே கிடந்து ரப்பர் இறுகின ஸ்டாக் கையில வர வாய்ப்பு உண்டு, இறுகின ரப்பர் சத்தம் போடும். பழைய டயர்னா கடைக்காரர்கிட்ட மாத்திக் குடுங்கன்னு கேளுங்க.

இப்ப பேரிங் கேள்வி. இதுக்கு வண்டிய கழட்டவே வேண்டாம், ரோடே சொல்லிடும். டயர் சத்தம் ரோட்டுக்கு ரோடு மாறும், பேரிங் சத்தம் மாறாது. கார்ப்பரேஷன் புது ரோடு போடறதுக்கு முன்னாடி பழைய தார சுரண்டி விட்டுட்டு போவாங்கல்ல, அந்த வரிவரியான ரோட்டுல சத்தம் எகிறி, பக்கத்துலயே புதுசா போட்ட வழவழ தார்ல ஏறினதும் டக்குன்னு பாதியா குறைஞ்சா அது டயர். ரெண்டுலயும் அதே ஊஊ அதே அளவுல வந்தா பேரிங் மேல சந்தேகப்படலாம். அடுத்து, விடியக்காலையில காலியா இருக்கற ஓஎம்ஆர்ல 60ல போய் லேசா வலது பக்கம் வளைச்சு, அப்புறம் இடது பக்கம் வளைச்சு பாருங்க, பின்னாடி வண்டி வரலைன்னு உறுதி பண்ணிக்கிட்டு. வலது பக்கம் வளைக்கும்போது எடை இடது வீல் மேல போகும், அப்ப சத்தம் கூடி இடது பக்கம் வளைச்சா குறைஞ்சா இடது பேரிங். எதுவும் மாறலைன்னா பேரிங்க தொடாதீங்க. இன்னும் சந்தேகம்னா மெக்கானிக்க வண்டிய லிஃப்ட்ல ஏத்தச் சொல்லி, வீல கையால சுத்திக்கிட்டே இன்னொரு கைய காயில் ஸ்பிரிங் மேல வைக்கச் சொல்லுங்க, பேரிங் போயிருந்தா ஸ்பிரிங்ல நறநறன்னு விரல்ல தெரியும். நல்ல பேரிங்ல ஒண்ணுமே தெரியாது, அவ்வளவு வித்தியாசம்.

பேரிங் இப்ப நல்லா இருந்தாலும் புது அலாயோட ஆஃப்செட் (வீல் எவ்வளவு உள்ள, வெளிய தள்ளி நிக்கும்ங்கற அளவு) என்னன்னு பாத்து வைங்க. டிஸ்க் உள்பக்கம் ஈடின்னு (ET) போட்டு ஒரு நம்பர் இருக்கும், பழைய டிஸ்க்லயும் இருக்கும். புதுசுல நம்பர் ரொம்ப கம்மின்னா வீல் வெளிய தள்ளி நிக்குது, பாக்க கெத்தா இருக்கும், ஆனா பேரிங் மேல நெம்புகோல் நீளுது, கொஞ்ச காலத்துல உங்க ஃப்ரெண்டு சொன்னது உண்மையாவே ஆகிடும். ஸ்பேசர் (வீல வெளிய தள்ள ஹப்புக்கும் வீலுக்கும் நடுவுல வெக்கற தட்டு) போட்டிருந்தா தயவுசெஞ்சு எடுத்துடுங்க.

ஹப் ரிங்ங்கறது கடையில யாரும் வாயே திறக்காத ஒரு சமாச்சாரம். உங்க சிட்டியோட ஹப் நடுமூக்கு 56.1 மில்லிமீட்டர், வெளிய விக்கற அலாய்ல நடு ஓட்டை நிறைய வண்டிக்கு பொருந்தணும்னு 67, 73ன்னு பெருசா விட்டிருப்பாங்க. நடுவுல ஒரு பிளாஸ்டிக் இல்ல அலுமினிய வளையம் போட்டாத்தான் வீல் நட்டநடுவுல உக்காரும். அது இல்லைன்னா நட்டு புடிச்ச எடத்துல உக்காரும், ஒரு மயிரிழை விலகினாலும் 80-90ல ஸ்டியரிங்ல ஒரு துடிப்பு, கூடவே வ்வும் வ்வும்னு ஏறி எறங்கற சத்தம் வரும். மிஷின்ல பேலன்ஸிங் காட்டும்போது ஜீரோ காட்டும், ஏன்னா மிஷின் கூம்பு வெச்சு நடுவுல புடிச்சிடுது. மூணு தடவை பேலன்ஸிங் பண்ணியும் துடிப்பு போகலைன்னு சொல்றவங்களுக்கு நான் முதல்ல கேக்கறதே ரிங் இருக்கான்னுதான். சில நூறு ரூபாய் விஷயம்.

காத்து எவ்வளவு இருக்குன்னு நீங்க எழுதல. லோ புரொஃபைலுக்கு 40 அடிக்கணும்னு சொல்லி ஏத்தி விடறாங்க நிறைய எடத்துல, 40ல அந்த 92 மில்லிமீட்டர் சுவரும் கல்லா ஆகிடும், நடு பட்டன் மட்டும் ரோட்ட தொட்டு சீக்கிரம் தேயும். டிரைவர் கதவ திறந்தா ஸ்டிக்கர்ல இருக்கற அளவு, அதுக்கு மேல ஒண்ணு ரெண்டு பிஎஸ்ஐ போதும், காலையில வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி ஆறின டயர்ல அளந்து. ரொம்ப கம்மியாவும் விடாதீங்க, வேளச்சேரி பக்கம் மழை தண்ணிக்குள்ள பள்ளம் தெரியாம இறக்கினா டிஸ்க் விளிம்பு வளைஞ்சிடும், அது வேற சத்தம். பழைய டயர்ல இருந்த 84ங்கற லோடு நம்பருக்கு கீழ புது டயர் இருக்கவே கூடாது, 84 இல்லைன்னா 88 எக்ஸ்எல் (கூடுதல் எடை தாங்கற வகை), அதையும் பாத்துடுங்க.

அலைன்மென்ட், குறிப்பா டோ, அதாவது வீல் நேரா பாக்காம உள்பக்கமோ வெளிப்பக்கமோ திரும்பியிருக்கற அளவு. வீல் மாத்தினப்ப அலைன்மென்ட் பண்ணலைன்னா உடனே பண்ணுங்க. டோ தப்பா இருந்தா டயர் கொஞ்சம் கோணலா இழுபட்டுக்கிட்டே ஓடும், கட்டையோட ஒரு ஓரம் மட்டும் தேஞ்சு ரம்பப் பல் ஆகிடும். உள்ளங்கைய பட்டன் மேல வெச்சு முன்னாடி ஒரு தடவை, பின்னாடி ஒரு தடவை தடவிப் பாருங்க, ஒரு பக்கம் வழுக்கிட்டு போய் இன்னொரு பக்கம் விரல்ல குத்தினா ஆரம்பிச்சிடுச்சுன்னு அர்த்தம். கண்ணுக்கு தெரியாது, கைக்குத்தான் தெரியும். பின் வீல்ல இது அதிகம் வரும், ஏன்னா முன்பக்கம் எடை இருக்கு, பின்னாடி லேசா இருக்கறதால டயர் குதிச்சு குதிச்சு தேயும். இது போடற ஊஊ சத்தம் அச்சு அசல் பேரிங் சத்தம்தான், எங்க கடைக்கு வந்த ஒரு வண்டில பின்னாடி ரெண்டு பேரிங்கும் புதுசா மாத்திட்டு சத்தம் போகலைன்னு வந்தாங்க, தடவிப் பாத்தா ரெண்டு பின் டயரும் ரம்பம். முன்னாடி டயர பின்னாடி, பின்னாடி டயர முன்னாடி மாத்தினோம், சத்தமும் கூடவே முன்னாடி வந்துடுச்சு. உங்களுது ஒரு மாசம்தான் ஆச்சு, இன்னும் இந்த நிலைமை வந்திருக்காது, ஆனா 8000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை டயர முன்பின் மாத்தாம விட்டா வர வாய்ப்பு அதிகம். டைரக்‌ஷனல்னா அதே பக்கத்துக்குள்ளதான் மாத்தணும்.

டேம்பிங் பத்தி. கதவுலயும் தரையிலயும் ஒட்டற அந்த பியூட்டைல் ஷீட் தகடு அதிர்றத அடக்கும், மேல ஒட்டற ஃபோம் காத்து வழியா வர்ற சத்தத்த கொஞ்சம் குறைக்கும். நல்லா செஞ்சா வண்டி கதவு சாத்தற சத்தமே மாறும், ஸ்பீக்கர் நல்லா கேக்கும், அதுக்காக பண்றதுன்னா தாராளமா பண்ணுங்க. ஆனா சைட்வால் குறைஞ்சதால சஸ்பென்ஷன் வழியா ஏறி வர்ற உறுமல கதவுல ஒட்டின ஷீட் என்ன செய்யும்? வீல் ஆர்ச் உள்பக்கமும் பின் சீட்டுக்கு கீழ டிக்கி தரையும் செஞ்சா வித்தியாசம் தெரியும், நிறைய கடையில 28000ல பெரும்பகுதி கதவுக்கே போயிடுது. கேட்டு எழுதி வாங்கிக்கங்க. பாலத்து ஜாயின்ட்ல ஏறும்போது டொய்ங்னு ஒரு அதிர்வு கேக்குதே, வேகம் கூடினாலும் அந்த சுருதி மாறாம? அது டயருக்குள்ள இருக்கற காத்து அதிர்றது, உங்க சைஸுக்கு 200 ஹெர்ட்ஸ் பக்கத்துல வரும், உள்ள ஃபோம் ஒட்டி வர்ற டயர்கள் அதை மட்டும்தான் குறைக்கும், ஊஊவ குறைக்காது.

நட்டு, அம்புக்குறி, ரிங், காத்து, அலைன்மென்ட் இவ்வளவும் ஒரு சனிக்கிழமையில முடியும், அந்த 28000 பக்கத்துல கூட செலவு வராது. அதுக்கப்புறமும் ஊஊ இருந்தா அது அந்த டயரோட குணம், டிஸ்க வெச்சுக்கிட்டு டயர மட்டும் கம்ஃபர்ட் வகையில மாத்தலாம், இப்ப இருக்கறது புதுசுங்கறதால சீக்கிரம் வித்தா ஓரளவுக்கு காசு திரும்பும். ஆனா என் மனசுல இருக்கறத கேட்டீங்கன்னா, உங்க சிட்டியோட மேல் வேரியன்ட்டுக்கு கம்பெனியே 185/55 ஆர்16 குடுத்துச்சு, மொத்த விட்டம் 610 மில்லிமீட்டர், உங்க பழைய டயர் 608, ஸ்பீடோமீட்டர் கூட மாறாது, சைட்வால் 102 மில்லிமீட்டர் நிக்கும், பாக்கவும் 15 இன்ச்ச விட நிறைவா இருக்கும், இன்சூரன்ஸ்காரங்ககிட்ட பேச்சும் சுலபம். 17தான் வேணும்னா அதுவும் உங்க வண்டி உங்க ஆசை, தப்பில்ல, இன்சூரன்ஸுக்கு ஒரு மெயில் போட்டு தெரிவிச்சிடுங்க. அப்பாகிட்ட பழைய 15 இன்ச் செட்ட வித்துட வேண்டாம்னு சொல்லுங்க, ரெண்டு நாள் அதை மாட்டி அதே ஓஎம்ஆர்ல ஓட்டிப் பாத்தீங்கன்னா எவ்வளவு சத்தம் வீலோடது, எவ்வளவு வண்டியோடதுன்னு உங்க காதுக்கே தெரிஞ்சிடும். டாட் நம்பர், அம்புக்குறி, நட்டு மூணையும் ஃபோட்டோ எடுத்து அனுப்புங்க, பாத்துட்டு சொல்றேன்.